அண்ணனின் பொருத்தனையும் ஒரு கரண்டி பிராந்தியும்

அண்ணனின் வருஷப் பூசைக்கு வந்து, இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும், அவருடைய ஒரே தங்கை எழுதிக்கொள்வது. நினைவு மலரில் இப்படியெல்லாமா எழுதுவது என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்துக்கொள்ளுங்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். இருபது வருஷமாகப் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, தப்பைத் தப்பென்று சொல்லியே பழகிவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து நம் வீட்டில் பந்தி நடந்தபோது இரண்டு பேச்சு என் காதில் விழுந்தது. ஒருவர் சொன்னார்: "அவருக்கு அந்த ஆசையே அத்துப் போச்சுப்பா. மாதா வேரோட புடுங்கிட்டாங்க. புண்ணியவான்." அவருக்கு எதிர் இலையில் இருந்தவர் சொன்னார்: "டாக்டர் சொன்னதைக் குடுத்திருந்தா மனுஷன் பொழைச்சிருப்பாரு. அந்த டீச்சரம்மாதான் புடிவாதம் புடிச்சு வுட்டுடுச்சு." நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு வாயைத் திறக்காதவள் இன்றைக்கு எழுதுகிறேன்.

அண்ணன் சாந்தோமில் பிறந்தவர். கடல் சத்தம் கேட்கும் ஓட்டு வீடு. எங்கள் நைனா அடையாற்றங்கரையில் ஒரு துரையின் பங்களாவில் சமையல் செய்துவந்தார். அண்ணன் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு அதே பங்களாவில் மேட்டியாகச் சேர்ந்தார். மேட்டி என்றால் பட்லருக்குக் கீழே பாத்திரம் துலக்கி, கிளாஸ் கழுவி வைக்கிறவர். நைனா காலமான பிறகு, பதினைந்து பேருக்கு மேசை போடத் தெரிந்த பட்லராக அண்ணனே உயர்ந்தார். வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு அவர் வாசலிறங்கினால் தெருவே பார்க்கும். அண்ணிக்கு அதில் பெருமை தாங்காது. அவர்களுக்குப் பிள்ளைப் பேறு இல்லை. இளம் வயதில் தாலி இழந்து வந்த என்னைத்தான் பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு நரை விழுந்த பிறகும் அண்ணனுக்கு நான் "பாப்பா"தான்.

அண்ணன் குடித்தார். இதை மறைத்து எழுதினால் அவருடைய வாழ்க்கையில் எழுத ஒன்றுமே மிஞ்சாது. மேட்டியாக இருந்தபோது விருந்து முடிந்து வரும் கிளாஸ்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சம் தங்கியிருக்கும். கழுவுமுன் அதை வாயில் கவிழ்த்துக்கொள்வது அந்த வேலைக்காரர்களிடையே சகஜம். அப்படி ஆரம்பித்தது. பிறகு வீடு திரும்பும் வழியில் குப்பத்து ஓரம் இருந்த சாராயக் கடை. கையை ஓங்கியதில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவார். அதைப் பார்ப்பதற்கு அடி வாங்கியிருக்கலாம்!

அம்மாவுக்கு உடம்பு முழுதும் நீர் கோத்துக் கிடந்த காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டு, "சாமியாரை இட்டுக்கினு வாடா கண்ணு, அவஸ்தை பூசிக்கினு போறேன்" என்றார்கள். நம் கோயிலுக்கு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். அண்ணி அப்போது செங்கற்பட்டில் தாய் வீட்டில் இருந்தார்கள். நான் அம்மா தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தேன்.

"சாமி வந்துட்டாரா?" என்று அம்மா கேட்டார்கள். வருகிறார் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நானே ஓடலாமா, ஓடினால் அம்மா தனியாகப் போய்விடுவார்களா என்று தவித்துத் தவித்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா போய்விட்டார்கள். பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லை, நாவில் வாங்கும் நன்மை இல்லை, சாகுமுன் எண்ணெய் தொட்டு வைக்கும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. நம் ஜனத்துக்கு அது எப்படிப்பட்ட இடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் கோயில் பக்கம் ஓடத்தான் ஓடினார். போகிற வழியில், தன் வாயில் காலைச் சாராய நாற்றம் இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. இந்த வாயோடு சுவாமியார் முன் எப்படிப் போய் நிற்பது என்று கூச்சம். கூச்சம் போக ஒரு கிளாஸ் போட்டுக்கொண்டு போகலாம் என்று கடைப் பக்கம் திரும்பிவிட்டார். குடிக்கிறவர்களுடைய புத்தி அப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது. வெயில் தாழ்ந்து சுவாமியாரோடு அவர் வந்து சேர்ந்தபோது, நான் அம்மாவின் கண்ணை மூடி, வாயைக் கட்டியிருந்தேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். அண்ணன் கோயிலுக்குள் போய்த் தேவமாதா பீடத்தின் கிராதியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். நான் பின்னால் நின்றிருந்தேன். சத்தமாகவே சொன்னார்: "தாயே, சாவுற மட்டும் இது என் நாக்குல படாது." அவ்வளவுதான் பொருத்தனை. மெழுகுவர்த்தி இல்லை, மாலை இல்லை.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் தாங்கிற்று.

அதிலும் அவர் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலமானால் துரைக்கும் விருந்தாளிகளுக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மது அலமாரிச் சாவி அவர் இடுப்பில். பார்த்துப் பொறுக்காமல் ஒரு நாள், "வேற வேலை பாரேன் அண்ணே" என்றேன்.

"வேற இன்னா தெரியும் எனக்கு? மேசை போடுவேன், கிளாஸ் தொடைப்பேன், ஊத்துவேன். மூணே மூணுதான் பாப்பா."

நடுவில் ஒரு தடவை வேலையை விட்டும் பார்த்தார். தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே கொத்தனாருக்குக் கையாளாகப் போனார். இரண்டே மாதத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பங்களாவுக்கே திரும்பினார். துரைசானி ஒன்றும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்தாராம். நல்ல மனதோடுதான் கொடுத்தார். அந்தச் சாவி என்ன செய்யும் என்று அந்த அம்மாளுக்கு என்ன தெரியும்?

பாட்டிலைச் சாய்க்கும்போது "சேசு, மரி, சூசை" என்று மனதுக்குள் சொல்வாராம். சொல்லி முடிந்ததும் பாட்டிலை நிமிர்த்திவிடுவார். யாருக்கு ஊற்றினாலும் அளவு ஒரு சொட்டுக் கூடாது, குறையாது. எங்கள் பட்லர் கைக்கு அளவுக் கிண்ணியே வேண்டாம் என்று துரைசானி விருந்தாளிகளிடம் பெருமையடித்துக்கொள்வாராம். அண்ணனுக்கு அதுவே உறுத்தலாகிவிட்டது. "மாதா பேரைச் சொல்லி சாராயம் அளக்கிறேனே, பாவமில்ல?" என்று பாவசங்கீர்த்தனத்தில் போய்க் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம், "சாமியாரு சிரிச்சிட்டாரு பாப்பா. சிரிச்சா பாவமில்லன்னு அர்த்தமா?" என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வேலை முடிந்தால் சாராயக் கடைத் தெருவை விட்டு, கடற்கரை மணலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வருவார். துரை வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கில் பிராந்தி ஊற்றுவார்கள் என்று அதை எங்களுக்கு வைத்துவிட்டு அதிரசம் தின்பார். கள்ளுக்கடை மறியல் மும்முரமாக நடந்த நாட்களில், கதர்ச் சட்டைக்காரர்கள் சிலர் வீட்டுக்கே வந்தார்கள். மயிலாப்பூர்க் குளத்தண்டைக் கூட்டத்தில் அண்ணன் மேடையேறி, குடியை ஜெயித்த கதையைச் சொல்ல வேண்டும் என்றார்கள். அண்ணன் புழக்கடை வழியாக நழுவிவிட்டார். அவர்களுக்குப் பதில் சொல்லி மோர் கொடுத்து அனுப்பியது நான். "ஏன் அண்ணே ஓடினே?" என்றதற்கு, "ஜெயிச்சவன்தானே பேசணும்" என்றார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

என்னுடைய தப்பு இங்கேதான். பள்ளியில் ஞானோபதேச வகுப்பில், பெயர் சொல்லாமல் அண்ணனையே உதாரணமாகச் சொல்வேன். "எனக்குத் தெரிந்த ஒருவர் மாதாவிடம் ஒரே ஒரு தரம் வேண்டிக்கொண்டார். ஆசை அன்றோடு போயிற்று. சோதனை வந்தால் செபியுங்கள், ஓடிப்போகும்" என்று கைவீசிப் பேசுவேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும். அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அல்லவா நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்! கேட்கத் தோன்றவே இல்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் அடையாற்றுப் பாலத்திலிருந்து நனைந்தபடியே நடந்து வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் மார்பில் வலி. மயிலாப்பூரிலிருந்து டாக்டர் ஐயர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அண்ணியையும் என்னையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"நாடி இறங்கிண்டே போறது. ரெண்டு நாள் தாண்டிட்டா பொழைச்சுப்பார். தாண்டறதுக்குப் பலம் வேணும். ஒரு நாளைக்கு நாலு தரம், ரெண்டு ரெண்டு ஸ்பூன் பிராந்தி கஞ்சியில விட்டுக் குடுங்கோ."

அண்ணி குறுக்கிட்டு, "அவரு தொட மாட்டாருங்க. பொருத்தனை பண்ணிக்கீறாரு" என்றார்கள்.

"எங்காத்து வாசப்படியை அந்த பாட்டில் தாண்டினதில்லை. நானே சொல்றேன்னா பார்த்துக்கோங்கோ. மருந்துக்கு ஏதும்மா பொருத்தனை?"

துரைக்குச் செய்தி எட்டி, தம் அலமாரியிலிருந்தே உயர்ந்த பிராந்தி பாட்டில் ஒன்றைக் காரில் அனுப்பிவைத்தார். நான் அதைக் கொண்டுபோய் அண்ணன் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அண்ணி கெஞ்சினார்கள், காலைப் பிடித்தார்கள், "எனக்காவ ஒரு வாய்ங்க" என்று அழுதார்கள். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சுவாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டு, நன்மை கொடுத்து, அவஸ்தைப்பூசுதலும் செய்தார். அம்மாவுக்குக் கிடைக்காதது அண்ணனுக்குக் கிடைத்தது. பிறகு சுவாமியாரே பிராந்திப் பேச்சை எடுத்தார். "நீர் குடிப்பது மருந்து. பொருத்தனை தடையாகுமென்றால் அதைத் தளர்த்த எனக்கு அதிகாரம் உண்டு. இதோ தளர்த்திவிட்டேன். எடுத்துக்கொள்ளும்" என்றார்.

அண்ணன் கை கூப்பினார். "உங்களுக்கு அதிகாரம் கீது சாமி. என் நாக்குக்கு அது தெரியாதே."

சுவாமியார் அவர் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் என்னிடம், "பலவந்தம் பண்ண வேண்டாம்" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "ஆனால் மருந்து கொடுப்பது பாவமல்ல" என்றார். இரண்டையும் சொல்லிவிட்டு சைக்கிளேறிப் போய்விட்டார். நான் எதைப் பிடித்துக்கொள்வது? கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம் என்று அடுப்படியில் நின்றேன்.

அண்ணி வேண்டுதலாகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றப் போன சமயம், ஆரோரூட் கஞ்சி காய்ச்சினேன். டாக்டர் சொன்ன அளவு பிராந்தியை அதில் விட்டேன். வாடை தெரியாமலிருக்கச் சர்க்கரையும் ஜாதிக்காயும் போட்டேன். ஆயுசு முழுக்க பிராந்தி ஊற்றியவரை ஜாதிக்காயால் ஏமாற்றப் பார்த்த என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! அண்ணன் தலையை மடியில் வைத்து முதல் கரண்டியை ஊட்டினேன்.

விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். சுவாமியார் போனதிலிருந்து செருகிக் கிடந்த கண் மெல்லத் திறந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கிடைத்தால் வருமே, அந்தத் தெளிவு. அப்புறம் நிதானமாக விழுங்கினார்.

"இன்னா கலந்தே பாப்பா?"

"மருந்து அண்ணே."

"நல்லாக்கீது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். மூச்சு வாங்கி, விட்டு விட்டுப் பேசினார்.

"ரொம்ப நல்லாக்கீது. தெனம் சாயங்காலம் இதுக்காவ நாக்கு அழும் பாப்பா. ஒரு நாளு வுட்டதில்ல. அம்மா செத்த மறாநாளு எப்டி அழுதுச்சோ, அப்டியேதான் நேத்தும் அழுதுச்சு."

"மாதா எடுத்துட்டாங்கன்னு நெனச்சேனே அண்ணே."

"எங்க எடுத்தாங்க? கூடவே நின்னாங்க. அவ்ளோதான்."

நான் அடுத்த கரண்டியை எடுத்தேன். டாக்டர் சொன்ன அளவில் பாதிகூட உள்ளே போகவில்லை. அவர் கரண்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பசித்தவர் பார்க்கிற பார்வை அது.

"இன்னொரு தபா நீட்டினே, நான் வோணாம்னு சொல்ல மாட்டேன். சொல்ல முடியாது. அத்தொட்டு நீ நீட்டாத."

"மாதாவைக் கூப்பிடு அண்ணே, பலம் குடுப்பாங்க" என்றேன். வகுப்பில் சொல்லுவேனே, அதே குரலில்தான் சொன்னேன்.

"கூப்ட்டுக்கினேதான் கீறேன். கரண்டி உன் கையிலதானே கீது, பாப்பா."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். கிண்ணத்தை எடுத்துப்போய்ப் புழக்கடையில் கொட்டினேன். நின்று அழக்கூட முடியவில்லை, அண்ணி வந்துவிடுவார்களே என்று பயம். வேறு கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தேன். அதை அவர் குடிக்கவில்லை. அன்று சாயங்காலம் கோயிலில் திரிகாலச் செப மணி அடிக்கையில், அண்ணி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தபோது அடங்கினார். சேசுவின் பாடுபட்ட சுரூபம் அவர் மார்பின் மேல் இருந்தது.

ஆகவே, பந்தியில் பேசிய பெரியவர்களே, அண்ணனுக்கு ஆசை அற்றுப்போகவில்லை. ஆசை அற்றவர் என்று இனி அவரைச் சொல்லாதீர்கள். அது அவருடைய பன்னிரண்டு வருஷத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்குகிற பேச்சு. டாக்டர் சொன்னதைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. டாக்டர் ஐயரையே போய்க் கேட்டேன். "அதைப் பகவான்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். என் வகுப்புப் பிள்ளைகளிடம், நான் சொல்லிக் கொடுத்தது தப்பு, செபித்தாலும் சோதனை ஓடிப்போவதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் ஏன் டீச்சர் செபிக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். மாதா கூடவே நிற்பார்கள் என்று அண்ணன் சொன்னதையே சொன்னேன். அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எத்தனை தடவை அழைத்தும் சலிக்காமல் வந்த டாக்டர் ஐயருக்கும், மழையில் சைக்கிளில் வந்த சுவாமியாருக்கும், காரனுப்பிப் பாட்டிலும் அனுப்பி, அடக்கத்தன்று தொப்பியைக் கழற்றிக் கொண்டு கடைசி வரை நின்ற துரைக்கும் துரைசானிக்கும் எங்கள் நன்றி. யாரும் கேட்காமலே பெட்டிக்குள் விரிக்க வெள்ளைத்துணி தைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தையற்கார பாய்க்கும், அன்று கடலுக்குப் போகாமல் தோள் கொடுத்த குப்பத்துச் சகோதரர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு அனுப்பிய தெருவாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அண்ணனின் ஆத்தும இளைப்பாற்றிக்காக இன்று பூசையில் முழந்தாளிட்ட ஒவ்வொருவருக்கும் சர்வேசுரன் தயை செய்வாராக.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு வருஷமாக அவர்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏசுவார்கள், அடிக்கவே அடிப்பார்கள், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாமல் கலந்ததற்காகவா, கலந்ததை நிறுத்தியதற்காகவா, எதற்கு ஏசுவார்கள் என்று மட்டும் தெரியவில்லை. முழுவதும் கேட்டார்கள். பிராந்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லாக்கீதுன்னு சொன்னாரா?" என்றார்கள்.

"சொன்னார் அண்ணி. ரெண்டு தரம் சொன்னார்."

அண்ணி முந்தானையைச் சுருட்டிப் பிரித்தார்கள்.

"இன்னொரு கரண்டி குடுத்திருக்கலாமேம்மா" என்றார்கள்.